டிவி இருக்கட்டும், அதன் ஆப்களை மட்டும் வெளியே எடுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது 43 அங்குல ஃபுல் எச்டி ஸ்மார்ட் டிவி. வாங்கி எட்டு வருடம் ஆகிறது. படம் இன்றும் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் ஆப் எதைத் திறந்தாலும் அரை நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒரு ஆப், 'இந்த டிவியில் இனி இயங்காது' என்று அறிவித்துவிட்டது. ராத்திரி நேரத்தில் படம் நடுவிலே வட்டம் சுற்றிக்கொண்டு நின்றுவிடுகிறது. கடைக்காரர் புது டிவி வாங்கச் சொல்கிறார். என் தம்பி ஒரு சின்ன ஆண்ட்ராய்டு பாக்ஸைக் காட்டி, 'ஒரு தடவை பணம் கட்டினால் போதும், எல்லாச் சேனலும் எல்லாப் படமும் இலவசம்' என்கிறான். எனக்கு, டிவியில் சொருகி ஆப்களை ஓட்டும் ஸ்டிக் ஒன்று வாங்கலாமா என்று ஒரு யோசனை. வீட்டில் எல்லோரிடமும் ஆண்ட்ராய்டு போன்தான். பகலில் டிவி பார்ப்பது 74 வயதாகும் என் அம்மா. அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல், காதும் முன்போல் இல்லை. ரிமோட் இரண்டு என்றால் குழம்பிவிடுவார். எதை வாங்குவது?

பதில்: முதலில் கடைக்காரர் சொன்னதை ஒதுக்கிவிடலாம். படம் நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் டிவியில் பழுது எதுவும் இல்லை. பழசாகிப்போனது அதற்குள் இருக்கும் சிப்பும் மென்பொருளும்தான். வீடு வீடாகப் போய் டிவியும் வைஃபையும் அமைத்துத் தருவது என் தொழில். நல்ல திரையை, ஆப் மெதுவாகத் திறக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கழித்துக் கட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஒரு நல்ல திரை பத்து வருடத்துக்கு மேலும் உழைக்கும். ஆப்களின் கதை வேறு. அவை மாதத்துக்கு மாதம் கனமாகிக்கொண்டே போகின்றன. புதுப் பாதுகாப்பு முறைகளையும் வீடியோவைச் சுருக்கும் புது முறைகளையும் கேட்கின்றன. டிவிக்குள் பூட்டி வைத்த சிப்பை மாற்ற வழியில்லை. 2019 டிசம்பரில் சாம்சங்கின் சில பழைய ஸ்மார்ட் டிவிகளிலும் ரோகு என்ற நிறுவனத்தின் சில பழைய ஸ்ட்ரீமிங் பாக்ஸ்களிலும் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. அந்த டிவிகளின் திரைக்கு எந்தக் குறையும் வரவில்லை. உங்கள் வீட்டில் நடந்திருப்பதும் அதேதான். ஆகவே டிவியை வெறும் திரையாக வைத்துக்கொண்டு, ஆப்களை ஓட்டும் வேலையை எச்டிஎம்ஐ துளையில் மாட்டும் தனிச் சாதனத்திடம் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு அதுவும் பழசாகும். அப்போது அதை மட்டும் மாற்றினால் போதும்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் அந்த வட்டம் சுற்றும் விஷயத்தைப் பார்த்துவிடுவோம். அதற்குக் காரணம் டிவியாகவே இல்லாமல் இருக்கலாம். ராத்திரியில்தான் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் எல்லோரும் போனோடு உட்காரும் நேரமும் அதுதான், அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் ஒரே சமயத்தில் இயங்கும் நேரமும் அதுதான். இன்று ராத்திரி டிவியில் படம் நின்றதும் உங்கள் போனை எடுத்துக்கொண்டு போய் டிவியை ஒட்டினாற்போல், முடிந்தால் அதன் முதுகுப் பக்கமாகவே பிடியுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் ஃபாஸ்ட்.காம் பக்கத்தைத் திறங்கள். அது நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் இலவச வேக சோதனை, ஓர் எண்ணைக் காட்டும். ஃபுல் எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்பது நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு. அப்புறம் ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று அதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

ரவுட்டர் அருகே 60, டிவிக்குப் பின்னால் 4 என்று வந்தால் கோளாறு நடுவில் இருக்கும் சுவர்களில். எந்த ஸ்டிக் வாங்கினாலும் வட்டம் சுற்றத்தான் செய்யும். ரவுட்டரைக் கொஞ்சம் உயரத்தில், வீட்டின் நடுப்பகுதிக்கு நகர்த்திப் பாருங்கள். ரவுட்டரிலிருந்து டிவிவரை ஒரு நெட்வொர்க் கேபிள் இழுக்க முடிந்தால் அதைவிட நல்ல வழி கிடையாது. ரவுட்டர் அருகிலும் எண் குறைவாகவே இருந்தால் உங்கள் இணைய நிறுவனத்தோடு பேச வேண்டும். இரண்டு இடத்திலும் எண் நன்றாக இருந்து, டிவியில் மட்டும் படம் நின்றால்தான் டிவியின் பழைய வைஃபை சிப்பைக் குறை சொல்லலாம். எட்டு வருடத்துக்கு முந்தைய டிவிகள் பலவற்றில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே இருந்தது. அந்த அலைவரிசையில்தான் நெரிசல் அதிகம். புதுச் சாதனங்கள் 5 ஜிகாஹெர்ட்ஸிலும் இயங்கும். அங்கே வேகம் கூடுதல், ஆனால் சுவரைத் தாண்டும் சக்தி குறைவு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தம்பி காட்டிய பாக்ஸுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

'எல்லாம் இலவசம்' என்று விற்கும் பெயர் தெரியாத பாக்ஸ்களில் இருப்பது பெரும்பாலும் கூகுளின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டிவி அல்ல. யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த ஆண்ட்ராய்டை ஏற்றி, மேலே டிவி மாதிரி ஒரு முகப்பைப் போட்டுவிடுகிறார்கள். அதில் என்னவெல்லாம் சேர்த்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இப்படிப்பட்ட சாதனங்களைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. பேட்பாக்ஸ் 2.0 என்று பெயரிடப்பட்ட அந்தத் தீய மென்பொருள் சில பாக்ஸ்களில் விற்பனைக்கு வரும்போதே உள்ளே இருக்கிறது. சிலவற்றில், முதல்முறை இயக்கும்போது இறக்கச் சொல்லும் ஆப்கள் வழியாக நுழைகிறது. நுழைந்தபின் உங்கள் வீட்டு இணைய இணைப்பை யாரோ முகம் தெரியாத ஆட்கள் தங்கள் குற்றங்களுக்கு முகமூடியாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். எங்கோ ஒரு மோசடி நடக்கும், தடயம் உங்கள் இணைப்பைக் காட்டும். அந்த பாக்ஸ் இருக்கும் அதே வைஃபையில்தான் உங்கள் போனும் வங்கி ஆப்பும் இருக்கின்றன என்பதை மறந்துவிடாதீர்கள்.

தீய ஆப்களைத் தடுக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட் பாதுகாப்பை அணைக்கச் சொன்னாலோ, கேள்விப்படாத கடையிலிருந்து ஆப்பை இறக்கச் சொன்னாலோ அந்தச் சாதனத்தின் ஒயரை உருவிவிடுங்கள். இலவசமாக வருகிறது என்கிற அந்தப் படங்கள் உரிமை இல்லாமல் எடுத்து ஒளிபரப்பப்படுபவை என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள். இன்று வரும் சேனல் நாளை வராது, யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது.

நேர்மையாகக் காசு கட்டிப் பார்ப்பவருக்கும் அந்த பாக்ஸ் உதவாது. நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் படத்தைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டில் அந்தப் பூட்டைத் திறக்கும் முறைக்கு வைட்வைன் என்று பெயர். சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பான பகுதியிலேயே திறக்கும் சாதனத்துக்கு எல்1 என்ற தகுதி உண்டு. வெறும் மென்பொருளால் திறப்பது எல்3. எல்3 சாதனத்துக்குப் பல சேவைகள் தெளிவு குறைந்த 480பி அளவுக்குத்தான் படம் தருகின்றன. அட்டைப் பெட்டியில் '8கே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், திரையில் முகம் மசமசவென்று தெரியும். வாங்குவதற்கு முன் பெட்டியில் கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவி சின்னம் இருக்கிறதா, நெட்ஃபிளிக்ஸின் பெயர் இருக்கிறதா, ரிமோட்டில் அதற்குத் தனிப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் தெரிந்த தயாரிப்பாளரா என்பதையும் சேர்த்துப் பாருங்கள், சின்னத்தைப் போலியாக அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி வாங்க வேண்டியது. பெயர் சொல்லக்கூடியவை நாலு குடும்பங்கள்: கூகுள் டிவி, அமேசானின் ஃபயர் டிவி, ரோகு, ஆப்பிள் டிவி. எல்லா நாட்டிலும் எல்லாமும் விற்பதில்லை. அதனால் முதல் வேலை, அம்மாவும் நீங்களும் தினமும் பார்க்கும் ஆப்களின் பெயரை ஒரு தாளில் எழுதுவது. அந்த ஆப்கள் உங்கள் நாட்டில், அந்தச் சாதனத்தின் கடையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் அந்தச் சாதனம் வேண்டாம். சுற்றுவழியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு அப்டேட் வந்ததும் அந்த வழி அடைபட்டுவிடும், பகலில் தனியாக இருக்கும் அம்மா என்ன செய்வார்?

நீண்ட காலம் அப்டேட் கொடுப்பதில் ஆப்பிளை மிஞ்ச ஆள் இல்லை. 2015ல் வெளிவந்த ஆப்பிள் டிவி எச்டிக்கு 2025லும் அப்டேட் வந்தது. முகப்பில் விளம்பரத் தொல்லையும் குறைவு. ஆனால் விலை மற்றவற்றைவிட நன்றாகவே கூடுதல். அதன் வசதிகளில் பாதி, ஐபோன் வைத்திருப்பவருக்குத்தான் பயன்படும். உங்கள் வீட்டில் எல்லோரிடமும் ஆண்ட்ராய்டு என்பதால் அவ்வளவு செலவு தேவையில்லை. ரோகுவின் முகப்பு மிக எளிமையானது, சதுரம் சதுரமாக ஆப்கள், அவ்வளவுதான். கிடைக்கிற நாடாக இருந்து, தாளில் எழுதிய ஆப்களும் அதில் இருந்தால் அம்மாவுக்கு அது நல்ல பொருத்தம். ஃபயர் டிவி வேகமாக இயங்கும், ஆனால் முகப்பில் விளம்பரம் அதிகம். கண் மங்கலானவருக்கு எது விளம்பரம், எது தன் நிகழ்ச்சி என்று பிரித்துப் பார்ப்பது சிரமம்.

உங்களுக்கு என் தேர்வு, கூகுள் டிவி உள்ள, சான்று பெற்ற ஒரு 4கே ஸ்டிக் அல்லது பாக்ஸ். பல ஆப்களில் போனில் பார்ப்பதை டிவிக்கு அனுப்பலாம், ஆப் பற்றாக்குறை வராது. கூகுளே 2024ல் குரோம்காஸ்ட் வரிசையை நிறுத்திவிட்டு, கூகுள் டிவி ஸ்ட்ரீமர் என்ற சின்ன பாக்ஸைக் கொண்டுவந்தது. 4 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ், நெட்வொர்க் கேபிள் மாட்ட ஒரு துளை. உங்கள் ஊரில் அது விற்றால் வாங்குங்கள். இல்லையென்றால் சியோமி போன்ற பெயர் தெரிந்த நிறுவனங்களின் கூகுள் டிவி பாக்ஸ் ஒன்றைப் பாருங்கள். 2 ஜிபி ரேமுக்குக் கீழே இறங்காதீர்கள். 1 ஜிபி ரேமோடு வருபவை முதல் மாதம் நன்றாக ஓடும், ஆறேழு ஆப் ஏறியதும் உங்கள் பழைய டிவி மாதிரியே திணறும். ஸ்டோரேஜ் 8 ஜிபி என்றால் அதில் ஏறக்குறைய பாதியை அதன் சொந்த மென்பொருளே எடுத்துக்கொள்ளும்.

என் டிவி ஃபுல் எச்டிதானே, 4கே எதற்கு என்று கேட்கலாம். படத்துக்காக இல்லை. 4கே ஸ்டிக்கை ஃபுல் எச்டி டிவியில் மாட்டினால் அது ஃபுல் எச்டிக்குத் தானே இறங்கி வரும், ஒரு கெடுதலும் இல்லை. ஒரே நிறுவனத்தின் எச்டி ஸ்டிக்கையும் 4கே ஸ்டிக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேகமான சிப்பையும் கூடுதல் ரேமையும் பெரும்பாலும் 4கேயில்தான் போட்டிருப்பார்கள். நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு அதற்குத்தான். நிறத்தையும் ஒளியையும் மேம்படுத்தும் டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் என்று கடையில் அடுக்குவார்கள். உங்கள் திரையால் அவற்றைக் காட்ட முடியாது என்பதால் அந்தப் பேச்சைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

இனி அம்மா. எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது அவரைப் பற்றி எழுதியதுதான். ஏனென்றால் பகல் முழுவதும் அந்தச் சாதனத்தோடு இருக்கப்போகிறவர் அவர். வாங்கி மாட்டிவிட்டு அப்படியே விட்டால், டிவிக்கு ஒரு ரிமோட், பாக்ஸுக்கு ஒரு ரிமோட் என்று அவர் பயந்த நிலைதான் வரும். அதைத் தவிர்க்க உங்கள் டிவியின் செட்டிங்ஸில் எச்டிஎம்ஐ சிஇசி என்ற வசதியைத் தேடி இயக்குங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். பாக்ஸின் செட்டிங்ஸிலும் அதே சிஇசியை இயக்க வேண்டும். இரண்டும் சரியாக அமைந்தால் அம்மா பாக்ஸ் ரிமோட்டில் பவர் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் போதும். டிவி எழும், தானாகவே சரியான எச்டிஎம்ஐக்கு மாறும், முகப்பு வந்து நிற்கும். ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் அதே ரிமோட்டில். டிவி ரிமோட்டை அலமாரிக்குள் எடுத்து வைத்துவிடலாம்.

பவர் பொத்தான் மேலும் முகப்புக்குத் திரும்பும் பொத்தான் மேலும், விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு சின்ன புடைப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எங்கே மாட்டிக்கொண்டாலும் முகப்புப் பொத்தானை அழுத்தினால் ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிடலாம் என்ற ஒன்றை மட்டும் அவருக்குப் பழக்குங்கள். அவர் பார்க்கும் இரண்டு மூன்று ஆப்களை முகப்பு வரிசையில் முதலில் நகர்த்தி வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. கூகுள் டிவி ஸ்ட்ரீமரின் பின்புறம் ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்தினால் ரிமோட் ஒலி எழுப்பும். சோபா இடுக்கில் விழுந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

காது விஷயம். இசையும் சத்தமும் காதைக் கிழிக்கும், வசனம் மட்டும் கேட்காது என்று பெரியவர்கள் சொல்வதை நான் போகிற வீட்டில் எல்லாம் கேட்கிறேன். பல வீடுகளில் அதற்குக் காரணம் வயது மட்டும் அல்ல. படத்தின் ஒலி, ஆறு தடங்கள் கொண்ட 5.1 வடிவத்தில் வரும்போது வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வருகிறது. டிவியில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். ஆறு தடங்களையும் இரண்டுக்குள் அடக்கும்போது வசனம் அமுங்கிப்போகலாம். பாக்ஸின் ஒலி அமைப்பில் சரவுண்ட் ஒலியை அணைத்து ஸ்டீரியோவாக மாற்றுங்கள். ஆப்பில் ஒலி மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலும் 5.1 என்று போடாததை எடுங்கள். டிவியின் ஒலி அமைப்பில் 'குரல் தெளிவு' மாதிரி ஏதாவது இருந்தால் அதையும் இயக்கிப் பாருங்கள். ஒரு காட்சியை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அம்மாவைக் கேட்கச் சொல்லி, அவர் எது தெளிவு என்கிறாரோ அதை வையுங்கள், உங்கள் காதை நம்ப வேண்டாம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. டிவியில் யுஎஸ்பி துளை இருக்கிறதே என்று ஸ்டிக்குக்கு அதிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். பழைய யுஎஸ்பி 2.0 துளை அரை ஆம்பியர்தான் தரும். பல ஸ்டிக்குகளுக்கு அது போதாமல், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து மறுபடி எழும். இன்னொன்று, டிவியை அணைத்ததும் அந்தத் துளையிலும் மின்சாரம் நின்றுவிடலாம். அப்போது ஒவ்வொரு முறையும் ஸ்டிக் அடியிலிருந்து எழுந்து வர வேண்டும், ராத்திரியில் தானாக வர வேண்டிய அப்டேட்டும் வராது. கூடவே கொடுக்கும் அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். ஸ்டிக்கோடு ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயரும் வரலாம். தேவையில்லை என்று பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். டிவியின் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்டிக்குக்கு அதன் உலோகம் வைஃபையை மறைக்கிறது, அந்த ஒயரில் மாட்டிச் சற்றே வெளியே தொங்கவிட்டாலே சிக்னல் தேறும்.

ஓரத்தில் உள்ள எழுத்துகள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் ஸ்டிக் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பழைய டிவிகள் படத்தைச் சற்று பெரிதாக்கி ஓரத்தை மறைப்பது வழக்கம். டிவியின் பட அளவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

இன்னொரு சோதனையையும் முதல் வாரத்திலேயே செய்யுங்கள். ஒரு படத்தின் முடிவில் பெயர்கள் மேலே ஏறும்போது உற்றுப் பாருங்கள். சீராக ஏறாமல் விட்டு விட்டுத் துள்ளினால், சாதனம் அனுப்பும் வேகமும் படத்தின் வேகமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். திரைப்படம் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள்; சாதனம் வழக்கமாக அனுப்புவது 60. அறுபதில் இருபத்துநாலு சமமாகப் போகாது, அதனால் ஒரு பிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையுமாக மாறி மாறி வரும். செட்டிங்ஸில் பிரேம் வேகத்தைப் படத்துக்குப் பொருத்தும் வசதி இருந்தால் இயக்குங்கள். அது வேலை செய்ய உங்கள் டிவியும் ஆப்பும் ஒத்துழைக்க வேண்டும். படம் தொடங்கும்போது திரை ஓரிரு நொடி கறுத்துவிட்டு வந்தால் அம்மா பயந்துவிடாமல் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். துள்ளல் உங்கள் கண்ணுக்கே படவில்லை என்றால் இதைத் தொடவே வேண்டாம்.

நேரலைச் சேனல்களையும் இணையம் வழியாகவே பார்க்கப்போகிறீர்கள் என்றால், அது சாதாரண ஒளிபரப்பைவிடச் சில நொடிகள், சில சேவைகளில் அரை நிமிடம்கூடப் பின்தங்கித்தான் வரும். விளையாட்டு பார்க்கும்போது பக்கத்து வீட்டில் ஆரவாரம் முதலில் கேட்கும். எந்தச் சாதனம் வாங்கினாலும் இது அப்படியே இருக்கும். கணக்கு வைத்துத் தரும் இணையத் திட்டம் உங்களுடையது என்றால் டேட்டாவையும் பார்த்துக்கொள்ளுங்கள். எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். அம்மா தூங்கிவிட்ட பிறகும் அடுத்த பகுதி தானாக ஓடாமல் இருக்க, ஆப்பில் 'ஆட்டோபிளே'யை அணைத்துவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் காலம் உள்ள இடத்தில் வாங்கி, அந்தக் காலம் முடிவதற்குள் தாளில் எழுதிய எல்லா ஆப்பையும் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று ஆனதும் பழைய டிவியின் செட்டிங்ஸுக்குள் போய், அதில் இருக்கும் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, வைஃபை இணைப்பையும் நீக்கிவிடுங்கள். அப்டேட் வராத ஒரு பழைய மென்பொருளுக்கு இணைய இணைப்பு தேவையில்லை.